அம்மி போட்ட நம்பர்

— முதல்ல நீ சொல்லு. அப்புறம்தான் நான் நம்பர் சொல்லுவேன்.

— அம்மி, விளையாடாதீங்க. நாலு மணிக்கு மீட்டிங். ஆதவன் வேற லைன்லயே இருக்கான், ஸ்பீக்கர் போட்டிருக்கேன்.

— இருக்கட்டுமே. ஆதவா, சாப்டியாப்பா?

— சாப்டேம்மா. இந்த ஹாஸ்டல்ல சப்பாத்தின்னு ஒண்ணு குடுத்தாங்க. உங்க கடைக்கு அனுப்பினா செருப்புக்கு அடி அட்டையா வச்சித் தைச்சிடலாம்.

— கேட்டியா சதஃப்? நாலு வருஷமா உன்னோட சேர்ந்து அந்தப் புள்ளையும் ராப்பகலா வேலை செய்யுது. ஒரு வாய் நல்ல சோறு இல்ல. தீபாவளிக்கு ஊருக்கு வந்தா நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு.

— வருவான். அவன் ஊரு அடி அண்ணாமலை, அங்கேர்ந்து நம்ம வீட்டுக்கு பஸ்ஸுல கால் மணி நேரம். அம்மி, நம்பர்.

— நேத்து ரூக்ஸார் நிக்காஹ் விருந்துல எனக்கு என்ன ஆச்சின்னு தெரியுமா உனக்கு?

— தெரியாது. சொல்லாம விடமாட்டீங்க.

— ஆம்பூர்காரி ஒருத்தி, கழுத்துல இவ்ளோ நகை. உங்க பொண்ணு டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறா. ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல, படிச்சி வாங்கின டாக்டர்னேன். என்ன படிப்புன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்சாத்தானே. தட்டுல இருந்த எலும்பை எடுத்து வாயில வச்சிக்கிட்டேன். அவ போற மாதிரி தெரியல. ஒரு எலும்பை எவ்ளோ நேரம்டி சப்பறது?

— அப்புறம் இன்னாம்மா சொன்னீங்க?

— கம்ப்யூட்டர்னு சொன்னேன் ஆதவா. எங்க வீட்ல நாலு பேரு கம்ப்யூட்டர்தான்னு மூஞ்சைத் திருப்பிக்கிட்டா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அதனால இன்னிக்கி எனக்குப் புரியிற மாதிரி சொல்லுடி. நீ என்ன பண்ற, எதுக்குப் பண்ற, அதுல நான் எதுக்கு நம்பர் போட்டேன். சொன்னா உடனே நம்பர். சொல்லலேன்னா நான் பாட்டுக்கு இந்தப் பாதாமை உரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— ஆதவா, டைம் என்ன?

— மூணு தாண்டிடுச்சி பாஸ். முக்காலுக்குள்ள ஸ்லைடு கையில இருக்கணும்னு நம்ம ஹெட்டு சகாதேவன் சார் சொல்லிட்டாரு. நான் அப்பவே சொன்னேன், நம்பரை கம்ப்யூட்டரே போடட்டும்னு. நீதான் கேக்கல.

— புரோகிராம் எழுதினதே நான். கம்ப்யூட்டர் போட்டிருந்தா என்னிக்காவது எட்டிப் பாத்துடுவேன்னு பயம்.

— அதுக்குன்னு? எழுதியும் வைக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினு, சாவியை அம்மாகிட்ட குடுத்துட்டு இப்ப கெஞ்சிகினு நிக்கிற. உலகத்துல எவனும் இந்த வேலை பண்ணியிருக்க மாட்டான், சத்தியமா.

— சரி, சரி. அம்மி, அந்தப் பாதாம் ஒண்ணு குடுங்க.

— கீருக்கு வச்சிருக்கேன். திங்காத.

— திங்கல. பாடம் நடத்தப் போறேன். கேளுங்க. ஈயம் இருக்குல்ல, அதோட அணு. அணுவுக்கு நடுவுல இருக்கற உருண்டை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனா அந்தச் சாதியிலயே அது குண்டு. பூமிக்கடியில வளையமா ஒரு சுரங்கம் வெட்டி, அதுல ரெண்டு உருண்டையை எதிரும் புதிருமா ஓடவிட்டு மோத வைக்கிறாங்க.

— சும்மா இருக்கறதைப் போய் எதுக்கு?

— மோதின இடத்துல ஒரு சூடு வரும். சூரியனோட வயித்துல இருக்கற சூட்டைவிட லட்சம் மடங்கு ஜாஸ்தி. அந்தச் சூட்டுல உருண்டைக்குள்ள இருந்த எல்லாம் உருகி ஒரே குழம்பாயிடும். உலகம் உண்டான முதல் நொடியில எல்லாமே அந்தக் குழம்பாத்தான் இருந்திச்சின்னு நினைக்கறோம். அதைத் திரும்ப வச்சிப் பாக்கறோம்.

— பிரியாணிக்கு வைக்கிற சாலன் மாதிரியா?

— சாலன் கெட்டி. இது தண்ணியைவிட நல்லா ஓடும்.

— எவ்ளோ நேரம் இருக்கும்?

— இருக்கவே இருக்காது. நீங்க நினைக்கறதுக்குள்ள போயிடும்.

— அப்ப அது குழம்பா, தண்ணியா, எப்படிடி தெரியும்? கரண்டி போட்டுக் கலக்கியா பாத்தீங்க?

— அம்மா, சத்தியமா சொல்றேன், எங்க வைவால இந்தக் கேள்வியைத்தான் மொதல்ல கேட்டாங்க.

— நீ ஐஸ் வைக்காத ஆதவா. சதஃப், சொல்லு.

— அதுக்குத்தான் பாதாம். ரெண்டு உருண்டையும் எப்பவும் நட்டநடுவுல மோதாது. கொஞ்சம் ஒதுங்கி உரசிட்டுப் போகும். ரெண்டும் சேர்ற இடம் மட்டும் இந்தப் பாதாம் வடிவத்துல இருக்கும். இப்படிப் பாத்தா நீளம், இப்படிப் பாத்தா ஒல்லி. சரியா? இப்ப இந்தப் பாதாம் முழுக்க ஜனங்க நெருக்கியடிச்சி நிக்கறாங்கன்னு வைங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வெளிய வரணும். எந்தப் பக்கம் பிதுங்கும்?

— ஒல்லிப் பக்கம். இது ஒரு கேள்வியா? தீபத்தன்னிக்கி நம்ம கடை வாசல்ல பாக்கறதுதானே. தெரு நீளத்துக்கு ஒரு அடி நகராது, பக்கத்து சந்துல போய் பிதுங்கும். போன வருஷம் நம்ம ஷோகேஸ் கண்ணாடியே அப்படித்தானே உடைஞ்சிச்சி.

— அவ்ளோதான் அம்மி! ஒருத்தரை ஒருத்தர் இடிச்சித் தள்ளினாத்தான் அப்படிப் பிதுங்கும். இடிக்காம தனித்தனியா போறவங்களா இருந்தா எல்லாப் பக்கமும் சமமா வருவாங்க. ஒல்லிப் பக்கம் ஜாஸ்தி வந்தா அது கூட்டம், ஓடுது. எல்லாப் பக்கமும் சமமா வந்தா கூட்டம் இல்ல, தனி ஆளுங்க. கரண்டி வேணாம், வெளிய வர்றதை எண்ணினா போதும்.

— இதுக்கா ஏழு வருஷம் படிச்ச?

— இது எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது. ஈய உருண்டைக்குள்ள இருநூத்திச் சொச்சம் துணுக்கு, பெரிய கூட்டம், ஓடத்தான் செய்யும். என் கேள்வி வேற. ஆளைக் கம்மி பண்ணிட்டே வந்தா, எது வரைக்கும் அது கூட்டமா இருக்கும்? நாங்க எடுத்தது ஆக்சிஜன். பதினாறே துணுக்கு.

— அம்மா, எங்க ஊரு வழியாத்தானே கிரிவலம் போறாங்க. பௌர்ணமின்னா ரோடே நகர்ற மாதிரி இருக்கும். செவ்வாக்கிழமை மத்தியானம் பாத்தா பதினாறு பேரு போய்கினு இருப்பாங்க. அந்தப் பதினாறு பேரும் கூட்டமா, இல்ல தனித்தனி ஆளுங்களா? அதான் விசயம்.

— செருப்பு தொலையுதா?

— இன்னாது?

— பௌர்ணமி மறுநாள் பாரு, விடியறதுக்குள்ள நம்ம கடை வாசல்ல நூறு பேரு வெறுங்காலோட நிப்பாங்க. கழட்டி வச்ச இடத்துல காணோம், எவனோ மாத்திப் போட்டுட்டான்னு. நாலு பேரு மட்டும் நடந்த அன்னிக்கி ஒருத்தன்கூட வரமாட்டான். செருப்பு தொலைஞ்சா கூட்டம். தொலையலேன்னா ஆளுங்க.

— பாஸ், இதை பேப்பர்ல போடலாமா?

— உன் பேருல போடு. அம்மி, இப்ப கேளுங்க, முக்கியமானது. அடுத்த அஞ்சு வருஷம் அந்த மெஷினை எதுக்கு ஓட்டறதுன்னு இன்னிக்கி நாலு மணிக்குப் பேசறாங்க. மூணு கட்சி. முதல் கட்சி, ஈயத்தையே இன்னும் ஜாஸ்தி மோத விட்டு குழம்பை நுணுக்கமா அளக்கணும்னு. ரெண்டாவது கட்சி, வேகத்தைக் கம்மி பண்ணி எந்த இடத்துல குழம்பு திரும்பக் கட்டியாகுதுன்னு தேடணும்னு.

— மூணாவது?

— சின்னதுக்குப் போகணும்னு. ஆக்சிஜன்ல ஓடிச்சின்னா அடுத்து ஹீலியம். நாலே துணுக்கு.

— பலூன்ல அடைக்கறதா?

— அதேதான்.

— மூணாவது கட்சியில நம்ம நாட்டுலேர்ந்து எத்தனை பேரு?

— ரெண்டு. ஒண்ணு நானு.

— இன்னொண்ணு?

— நான்தாம்மா.

— டெபாசிட் போயிடும் போல இருக்கே. உங்க சாரு எந்தக் கட்சி?

— முதல் கட்சி. ஆனா நல்ல மனுஷன். ஆக்சிஜன்ல ஓடுதுன்னு காட்டு, ஹீலியத்துக்கு நானே முதல் கையெழுத்து போடறேன்னு சொல்லியிருக்காரு. காட்டலேன்னா கதையை முடிச்சிக்கோன்னும் சொல்லியிருக்காரு.

— சரி, நான் எங்க வர்றேன் இதுல?

— நமக்கு ஒரு விடை மேல ஆசை இருந்தா, கணக்கை நமக்கே தெரியாம அந்தப் பக்கம் சாச்சிடுவோம். அதனால விடையோட ஒரு பொய் நம்பரைக் கூட்டி ஒளிச்சி வச்சிடறது. திரையில தெரியறது எல்லாம் அந்தப் பொய்யோட சேர்ந்தது. வேலை முழுசும் முடிஞ்சப்புறம் பொய்யைக் கழிச்சா உண்மை நிக்கும். அந்தப் பொய்யைப் போடறவங்க, விடை எப்படி வந்தாலும் கவலைப்படாத ஆளா இருக்கணும்.

— அதுக்கு நான்தான் கிடைச்சேனா?

— உங்களுக்கு என்ன அம்மி, ஆமான்னா என்ன, இல்லைன்னா என்ன. அதான் உங்களைக் கூப்பிட்டு, ஒம்பதுக்குள்ள ஒரு நம்பர் தட்டுங்கன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டு வெளிய நின்னேன். தட்டினதைக் கூட்டிட்டு கம்ப்யூட்டரே அழிச்சிடும், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஞாபகம் இருக்குல்ல?

— நல்லா இருக்கு. இப்ப திரையில என்ன தெரியுது?

— ஆறு.

— ஆறுன்னா?

— நூத்துக்கு ஆறு கணக்குல ஒல்லிப் பக்கம் ஜாஸ்தி பிதுங்குது. அது மட்டும் நிஜமா இருந்தா, பதினாறு பேரும் கூட்டம்தான், ஜோரா ஓடுது. ஆனா அது நிஜம் இல்ல, உங்க நம்பர் அதுக்குள்ள உக்காந்திருக்கு. அஞ்சாறு மாசமா தினம் காலையில அந்த ஆறைப் பாத்து, நம்பாத சதஃப், நம்பாத, இது அம்மி போட்ட பொய்யின்னு எனக்கே சொல்லிக்கறேன். ஏன், என்ன ஆச்சி? பாதாம் எல்லாம் கீழ கொட்டுது.

— கொட்டட்டும். எவ்ளோ வந்தா கூட்டம் இல்லைன்னு அர்த்தம்?

— ரெண்டுக்குக் கீழ வந்தா இல்லைதான். அதெல்லாம் அளக்கறதுல வர்ற தடுமாத்தம்.

— கூட்டம்தான்னு ஆச்சின்னா நீ என்ன பண்ணுவ?

— ஹீலியம்.

— அது தெரியும். நீ எங்க இருப்ப?

— பாஸ், நீ இன்னும் வீட்ல சொல்லலியா?

— ஆதவா, நீ கொஞ்சம் வாயை மூடு.

— அவன் மூடினா என்ன, நீ திற. எங்க இருப்ப?

— மெஷின் இருக்கற இடத்துல. ஆளைப் போட்டு ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் கட்டணும்ல அம்மி.

— எத்தனை நாளு?

— அஞ்சு வருஷம். நடுவுல நடுவுல வருவேன்.

— எப்ப சொல்றதா இருந்த? ஏர்போர்ட்டுலேர்ந்தா?

— விடை தெரியாம என்னன்னு சொல்றது? இல்லைன்னு வந்துட்டா எங்கயும் போகலியே. உங்களை எதுக்கு வீணா கவலைப்பட வைக்கணும்னுதான்.

— விடை எப்படி வந்தாலும் எனக்குக் கவலை இல்லைன்னு யாருடி சொன்னா உனக்கு? ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுத்தான் உன் அண்ணன் ஜுபைர் வெளிநாடு போனான். எட்டு வருஷம் ஆச்சி. அவன் புள்ளைங்க பாட்டியை ஃபோன்லதான் தாதி, தாதின்னு கூப்பிடுது. உங்க அப்பா காலையில கடையைத் திறக்கப் போனா ராத்திரி வர்றாரு. நீயும் போயிட்டா நான் இந்த மிக்சியோடதான் பேசிட்டு இருக்கணும்.

— அம்மி...

— இல்லைன்னு வந்தா?

— மூணாவது கட்சி காலி. அன்புச்செல்வி மேடம் இங்க பக்கத்துல அவங்க காலேஜுக்கு வா வான்னு கூப்பிட்டுட்டே இருக்காங்க. காலையில பஸ்ஸு, சாயந்தரம் உங்க கையால டீ. மெஷின் பக்கம் இனிமே போக முடியாது, அவ்ளோதான்.

— நல்ல வேலைதானே அது.

— நல்ல வேலைதான். நம்பர் சொல்லுங்க அம்மி.

— மறந்துட்டேன்.

— யா அல்லா! இப்பத்தான் நல்லா ஞாபகம் இருக்குன்னீங்க.

— வயசாச்சி. அடுப்புல பால் வச்சேனான்னே ஞாபகம் இல்ல.

— அம்மா, கொஞ்சம் யோசிச்சிப் பாருங்கம்மா. சதஃப் பொறந்த தேதியா? வீட்டு நம்பரா? செருப்பு சைஸா?

— உன் செருப்பு எங்க ஒம்பதுக்குள்ள இருக்கு, அது பதினொண்ணு. கடையில உனக்குன்னு தனியா எடுத்து வைக்கறோம்.

— அம்மி, ப்ளீஸ். மறுபடி முதல்லேர்ந்து போட்டா ரெண்டு மாசம் ஆகும். இன்னிக்கி நாலு மணிக்கு நான் எதாவது ஒண்ணு சொல்லியாகணும். ஆமான்னாவது, இல்லைன்னாவது.

— அஞ்சு.

— என்னது?

— அஞ்சு போட்டேன். அஞ்சு வேளைத் தொழுகை ஞாபகம் வந்திச்சி, தட்டிட்டேன்.

— நிச்சயமா?

— நிச்சயமா.

— நல்லா யோசிச்சி சொல்லுங்க அம்மி. அஞ்சா?

— எத்தனை தடவைடி கேப்ப? அஞ்சு.

— ஆறுல அஞ்சு போனா ஒண்ணு. ஆதவா, ஒண்ணு.

— கேட்டுச்சி.

— ரெண்டுக்குக் கீழ.

— கேட்டுச்சி சதஃப். இன்னொரு வாட்டி எங்கனா தப்பு இருக்கான்னு பாக்கலாமா?

— கூடாது. திறந்தாச்சின்னா திறந்ததுதான். புடிக்கலேன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா, எதுக்கு இவ்ளோ கூத்து? முதல்லயே இஷ்டத்துக்கு ஒரு விடையை எழுதியிருக்கலாமே.

— அதுவும் சரிதான். ஸ்லைடுல இன்னா எழுதறது?

— எழுது. ஆக்சிஜன்ல ஓட்டம் இல்ல. ஹீலியத்துக்குக் குடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கறோம். கீழ என் பேரை முதல்ல போடு, திட்டு வந்தா எனக்கு வரட்டும்.

— திட்டுல பாதி எனக்கும் வேணும்.

— சரி, வச்சிக்கோ. பதினாறு பேரும் தனித்தனியாவே நடந்து போயிருக்கானுங்க, பாரேன். ஒருத்தன் மேல ஒருத்தன் இடிக்கல. ரொம்ப மரியாதை தெரிஞ்ச பசங்க.

— பாஸ், உன் குரல் சரியில்ல.

— பாதாம். தொண்டையில மாட்டிடுச்சி.

— அழறியா சதஃப்?

— இல்ல அம்மி. நான் எதுக்கு அழணும்? எது உண்மைன்னு தெரிஞ்சிக்கத்தானே இத்தனை வருஷம் உக்காந்தேன். தெரிஞ்சிடுச்சி. இல்லைங்கறதும் ஒரு விடைதான், அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்த ஆறைப் பாத்து தினமும் சிரிச்சிருக்க மாட்டேன், வேற ஒண்ணும் இல்ல.

— தண்ணி குடி.

— குடிக்கறேன். ஒரு விதத்துல நல்லதுதான். இனிமே அந்த ஆம்பூர்காரி கேட்டா எலும்பைத் தேட வேணாம். காலேஜ்ல பாடம் எடுக்கறான்னு சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும்.

— ம்.

— நீங்களும் மிக்சியோட பேச வேணாம். சந்தோஷம்தானே?

— ம்.

— பின்ன ஏன் மூஞ்சை அப்படி வச்சிருக்கீங்க? இன்னிக்கி கீர்ல சக்கரை ஜாஸ்தி போடுங்க. ஆதவா, ஆச்சா?

— எழுதிட்டேன். மூணு நாப்பத்திமூணு ஆச்சி. பட்டன் மேலதான் கை வச்சிருக்கேன். அனுப்பிடவா?

— அனுப்பு.

— ஆதவா, கையை எடு! எதையும் அனுப்பாத.

— இன்னாம்மா?

— அம்மி, என்ன ஆச்சி உங்களுக்கு?

— இன்னிக்கி சொன்னதுதான்டி பொய். அன்னிக்கி நீ கதவைச் சாத்திட்டு வெளிய நின்னப்ப எனக்கு நோம்பு. பொய் நம்பர் ஒண்ணு போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்ட, நோம்பு வச்சிக்கிட்டு நான் எப்படிடி பொய்யைப் போடுவேன்? சைபர்தான் போட்டேன்.